மிச்சம் பார்ப்பவர்

என் சகலைக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாப்பிடுகிறவர்களின் முகத்தை அவர் பார்க்கமாட்டார். சாப்பிட்டு முடித்து வைத்த தட்டைத்தான் பார்ப்பார்.

ஃபிஜித் தீவில், நவுசோரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்பிக்யூ போடுவேன். என் மனைவி வழிச் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கை கழுவப் போகும்போது அவர் எழுந்து காகிதத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பார். அடுக்குவதற்கு முன்னால் ஒரு கணம் பார்ப்பார். யார் எதை ஓரமாக ஒதுக்கியிருக்கிறார்கள், எது வழித்துத் துடைத்திருக்கிறது, எது ஒரு கடியோடு நின்றிருக்கிறது என்று. ஒன்றும் சொல்லமாட்டார். குப்பையில் போட்டுவிட்டுத் தானும் கை கழுவப் போவார். பார்த்தது என்ன என்பது அடுத்த மாதம்தான் தெரியும்.

அவர் என் மனைவியின் அக்காள் புருஷன். பெயரை எழுதவில்லை. எழுதினால் என் மனைவிக்குப் பிடிக்காது, அவள் அக்காவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவளுக்கு, இன்னும் பிடிக்காது. சிகடோகாவைத் தாண்டி ஒரு கடற்கரை ஓட்டலில், சமையலறையில் அவருக்கு வேலை. ஆனால் அடுப்பு அவர் பக்கம் கிடையாது. கறி, மீன் எல்லாம் வேறு ஆட்கள். இவர் சாலட், சட்னி, வெட்டிய பழம், பக்கத்தில் வைக்கிற சின்னக் கிண்ணங்கள். "என்ன பெரிய ஓட்டல் உத்தியோகம். புல் நறுக்குகிற வேலை" என்று நான் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். அவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவர் எப்போது வருவார் என்று கேட்டார்கள்.

எனக்கு நவுசோரியில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. அரை டிரம்மை நானே வெட்டி, கால் வைத்து, கம்பி வலை பொருத்திச் செய்த அடுப்பு என்னுடையது. கொய்யாக் கட்டையைக் கரியாக்கி, முந்தின நாளே ஆட்டுக்கறித் துண்டுகளை இஞ்சி, பூண்டு, சோயா சாஸ், கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையில் ஊறப்போட்டு, காலை ஒன்பது மணிக்கே நெருப்பு மூட்டிக் காத்திருப்பேன். அவர் பஸ் மாறி மாறி பதினொரு மணிக்கு வந்து சேருவார். தோளில் ஒரு மூட்டை, சிகடோகா பள்ளத்தாக்குக் காய்கறி. துண்டில் சுற்றிய சொந்தக் கத்தி.

"தம்பி, ஓரமா தோடா இடம் குடுங்க. நாலு கத்திரிக்கா வெச்சுக்கறேன்" என்பார். தோடா என்றால் கொஞ்சம், எங்கள் தமிழில் இந்தி அப்படிக் கலந்து கிடக்கும்.

என் நெருப்பில் கத்தரிக்காயைச் சுடுவார். தோலை உரித்து, பூண்டும் பச்சை மிளகாயும் எண்ணெயும் விட்டுப் பிசைவார். அதை எங்கள் பக்கம் சொக்கா என்போம். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தேங்காய்ப்பாலில் புரட்டுவார். பப்பாளிக்காயைத் துருவித் தேங்காயோடு கலப்பார். அன்னாசிப் பழத்தில் உப்பும் மிளகாயும் தடவி, அதையும் என் நெருப்பில்தான் ஒரு வாட்டு வாட்டி எடுப்பார். புளிச் சட்னி தனியாக. எல்லாம் கறிக்குத் தொட்டுக்கொள்ளத்தான். ஆனால் ஒரு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்த பிறகு என்ன நடக்கும் என்றால், "கறி நல்லா இருக்கு" என்று ஒரு தடவை எனக்குச் சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுக்க அந்தக் கிண்ணங்களைப் பற்றியே பேசுவார்கள். அவர் செய்ததற்குத் தொட்டுக்கொள்ள என் கறி என்று ஆகிவிட்டது.

ஒரு தடவை வெள்ளரிக்காய் சாலட்டை இரண்டு கிண்ணத்தில் கொண்டுவந்தார். சின்னக் கிண்ணத்தை என் மனைவி பக்கம் நகர்த்தி, "இது சின்னவளுக்கு" என்றார். அதில் மட்டும் வெங்காயத்தை எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் ஊறவைத்துப் போட்டிருந்தார். நெடி போய், ரோஸ் நிறத்தில் கிடந்தது. அவள் கிண்ணத்தைக் காலி செய்தாள்.

பாத்திரம் தேய்க்கும்போது கேட்டேன். "உனக்குப் பச்சை வெங்காயம் பிடிக்காதா?"

"சின்ன வயசுலேர்ந்தே புடிக்காது."

"பன்னெண்டு வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"அத்தான்கிட்டயும் நான் சொல்லலியே" என்றாள்.

அன்றிலிருந்து அவர் கை பட்ட எதையும் நான் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். என் கறி, இரண்டு துண்டு ரொட்டி, அவ்வளவுதான் என் தட்டில். அவர் என் தட்டையும் எடுத்துப் பார்த்தார். எலும்பைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ருசிதான் காரணம் என்று நினைத்துவிட்டார் போல. அடுத்த மாதம் மிளகாய் இல்லாமல் ஒன்று செய்தார். அதற்கடுத்த மாதம் புளிப்பில்லாமல். பிறகு பூண்டில்லாமல். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தை எனக்கு எட்டுகிற தூரத்தில் வைப்பார், வற்புறுத்தமாட்டார். நான் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லார் தட்டும் அவருக்குப் பிடிபட்டது, என் தட்டு மட்டும் பிடிபடவில்லை என்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். மறுநாள் வேலைக்குப் போகுமுன் ஃப்ரிட்ஜைத் திறந்து, மிச்சமிருக்கிற சொக்காவை விரலால் வழித்துத் தின்றுவிட்டுப் போவேன் என்பது வேறு விஷயம். அது அவருக்குத் தெரியாது.

பிறகு ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த அந்த வருஷம் வந்தது. ராணுவப் புரட்சிக்கு இங்கிலீஷில் சொல்கிற 'கூ', 'கூ' என்று ஊரெல்லாம் அதே பேச்சு. வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றது. ஓட்டலில் அறைகள் காலியாகக் கிடந்தன. அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள், கூப்பிடும்போது வந்தால் போதும் என்று. யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு அண்ணியும் அவரும் மூன்று பெட்டிகளோடு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மாதம் ஒரு நாள் இருந்த தொல்லை தினமும் ஆனது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்குத் தமிழே வராது, எல்லாம் இந்திதான். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை பெரியப்பா. அதைச் சொல்லிக்கொண்டே அவர் பின்னால் திரிவாள். கீரையைப் பார்த்தாலே ஓடுகிறவள், சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து அவர் ஊட்டினால் வாயைத் திறப்பாள். கடையிலிருந்து வரும்போது வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து எனக்கு இடம் விடுவார்கள். மரியாதைதான். ஆனாலும் சிரிப்பு நின்றுவிடும்.

அந்த வருஷக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்று உத்தரவு போட்டார்கள். பஸ் கிடையாது, கடை கிடையாது, விளையாட்டு கிடையாது, பிக்னிக் கிடையாது. சொந்தக்காரர்களில் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் மட்டும்தான் வந்தார்கள். "கொல்லையில தானே சுடறோம், யாரு கேக்கப்போறாங்க" என்று நான் நெருப்பை மூட்டினேன். அவர் வேண்டாம் என்றார். அவர் சொன்னதாலேயே மூட்டினேன்.

புகை தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பாலத்துப் பக்கம் காவலுக்கு நின்ற ராணுவப் பையன்களில் இரண்டு பேர் கேட்டுக்கு வந்தார்கள். தோளில் துப்பாக்கி. ஞாயிற்றுக்கிழமை என்ன விருந்து, யார் கூட்டம் என்று கேட்டார்கள். நான் அடுப்பை விட்டு நகரவில்லை. அவர் உள்ளேயிருந்து வந்து "புலா" என்று வணக்கம் சொல்லி, ஃபிஜி பாஷையில் அவர்களோடு பேசினார். ஓட்டலில் இருபது வருஷம் அவர்களோடு வேலை செய்தவர், நன்றாகப் பேசுவார். எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று விசாரித்தார் போல. உள்ளே போய் இரண்டு தட்டு கொண்டுவந்தார். தேங்காய்ப்பாலில் மரவள்ளிக்கிழங்கு, சொக்கா, அன்னாசி. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சாப்பிட்டார்கள். அவரை மோமோ என்று கூப்பிட்டார்கள். மாமா என்று அர்த்தம். தட்டை வாங்கும்போது அதையும் ஒரு கணம் பார்த்தார். போகும்போது ஒருவன் என்னைக் காட்டி ஏதோ சொன்னான்.

"நெருப்பை அணைச்சிடணுமாம் தம்பி. வேற ஒண்ணும் இல்ல."

வாளித் தண்ணீரை நானே ஊற்றினேன். பாதி வெந்த கறி சாம்பல் தண்ணீரில் மிதந்தது. எல்லாரும் உள்ளே போய், ஜன்னலைச் சாத்தி, பாய் விரித்து உட்கார்ந்தோம். கறியே இல்லாத பார்பிக்யூ. கிண்ணங்கள் சுற்றி வந்தன. பிறகு ஒருவர் "இன்னும் கொஞ்சம் சட்னி" என்றார். பிறகு பேச்சு வந்தது, சிரிப்பு வந்தது. அந்தச் சிப்பாய் சட்னியை நக்கினதைப் பற்றி அண்ணி நடித்துக் காட்டினாள். நாலு மணி வரைக்கும் சாப்பிட்டார்கள். கறியைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று அவர் எங்கள் எல்லாரையும் காப்பாற்றினார், எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் சாம்பலை அள்ளிக் கொட்டும்போது என் மனதில் இருந்தது அந்த ஒன்றுதான், யாரும் கேட்கவில்லை என்பது.

ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. தலைநகர் சுவாவில், சமபுலாப் பக்கம் தெருத்தெருவாக வீடுகள் விலைக்கு வந்தன. நாங்களும் ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போட்டோம். இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் ஃபாரம் நிரப்பினோம். என்னுடையதை நான் மூன்று தடவை திருத்தி எழுதினேன். அவருடையதை அண்ணி நிரப்பினாள். விரல் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். "ஓட்டல் திரும்ப தொறந்துடுவான்" என்று ஒரு தடவை சொன்னார். அண்ணி முறைத்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எங்கள் ஊரில் தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. தபால் நிலையத்தில் ஆளுக்கு ஒரு பெட்டி, நாமே போய்த் திறந்து எடுத்துக்கொள்ளவேண்டும். அவர்களும் என் பெட்டி எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். சாவி என்னிடம்.

எனக்கு முதலில் பதில் வந்தது. ஒரே ஒரு தாள். கடை குமாஸ்தாக்கள் அவர்களுக்குத் தேவையில்லை. என் மனைவி அந்தத் தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் பெட்டியைத் திறந்தேன். அவர் பெயருக்குக் கவர், கனமாக. பிரிக்காமலே தெரிந்தது. புல் நறுக்குகிறவர்களுக்கு அங்கே இடம் இருந்தது.

கடைக்கு எடுத்துப்போய் மேசை இழுப்பறையில், பெயின்ட் கலர் அட்டைகளுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டேன்.

"போஸ்ட் ஆபீஸ் போனீங்களா?" என்று அண்ணி தினமும் கேட்பாள்.

"போனேன். ஒண்ணும் இல்ல."

அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் கடைக்கே வந்தார். கையில் தூக்கு. பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, மூடியைத் திறந்தார். வெறும் மரவள்ளிக்கிழங்கு. வேகவைத்து, உப்புப் போட்டு, மேலே கொஞ்சம் நெய்.

"ஒண்ணுமே போடல தம்பி. இதாச்சும் உங்களுக்குப் புடிக்குமான்னு பாக்கறேன்."

என் முழங்காலுக்கு நேரே அந்த இழுப்பறை. நெய் வாசனை மூக்கில் ஏறியது. பசி வேறு. ஒரு துண்டு எடுத்தால் அடுத்த நிமிஷம் இழுப்பறையையும் திறந்துவிடுவேன் என்று தோன்றியது.

"வயிறு சரியில்லண்ணே" என்றேன்.

"பரவால்ல" என்று மூடியைப் போட்டார். கொஞ்ச நேரம் கடைக்கு வருகிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

ஒன்பதாம் நாள் காலையில் அண்ணி, "நாளைக்கு சுவாவுக்கு பஸ் ஏறிப் போய் நானே அவங்க ஆபீஸ்ல கேக்கறேன்" என்றாள். எனக்கு நல்ல புத்தி வந்து கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். பயந்துதான் கொடுத்தேன். அன்று சாயங்காலம் கவரை நீட்டி, "இன்னிக்குத்தான் வந்திச்சு" என்றேன்.

அண்ணி பிரித்தாள். நேர்காணலுக்கு மறுநாளுக்கு மறுநாள் காலை வரச் சொல்லியிருந்தது. போலீஸ் கடிதம் வேண்டும், ஓட்டலிலிருந்து சான்றிதழ் வேண்டும், போட்டோ வேண்டும். அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த காலி கவரை எடுத்தார். சுவாவில் குத்திய முத்திரை, வட்டத்துக்குள் தேதி. ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மொதல் பஸ்ஸுக்கு சிகடோகா போய் பேப்பர் வாங்கியாறேன்" என்று அண்ணியிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

போனார், வாங்கிவந்தார். நேர்காணலுக்கும் போனார்கள். கிடைத்துவிட்டது. நாலு மாதத்தில் நாந்தி விமான நிலையத்துக்குப் பஸ் ஏறினார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை கடைசியாக ஒரு பார்பிக்யூ போட்டேன். அவர் எல்லாம் செய்தார். எல்லாரும் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள். அன்றும் நான் தொடவில்லை. இந்தத் தடவை பொறாமையால் அல்ல, கை வரவில்லை. ஆனால் என் தட்டை அவர் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும்.

அவர் போனால் நிம்மதி என்று நினைத்திருந்தேன். மனைவி அவரிடம் கேட்டு எழுதிவைத்ததைப் பார்த்துச் செய்வாள். "அத்தான் செய்யற மாதிரி வரல" என்பாள். சிட்னியிலிருந்து அண்ணி அனுப்பிய போட்டோவில் செங்கல் வீடு, கார், அவர் மேல் புதுக் கோட்டு. மனைவி அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தாள். பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

மறுபடி நாடாளுமன்றத்தில் ஆட்களைப் பிடித்துவைத்து, சுவாவில் கடைகள் எரிந்த வருஷம், என் கடைக்காரரும் கடையை மூடிவிட்டு நாட்டை விட்டுப் போனார். எனக்கு வேலை போயிற்று. தங்கை குடும்பத்தைக் கூப்பிட அண்ணி அங்கே எழுதிப் போட்டாள். இரண்டு வருஷம் இழுத்து, ஒரு டிசம்பரில் சிட்னி போய் இறங்கினோம். அங்கே அப்போது கோடை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பூங்காவில் பார்பிக்யூ என்றாள் அண்ணி. பொத்தானை அமுக்கினால் சூடாகிற இரும்புத் தட்டு, யார் வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளலாம். நான் விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன், இந்தத் தடவை அவர் செய்த எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சாப்பிடுவது என்று.

அவர் கார் டிக்கியிலிருந்து ஒரு பையை எடுத்துவந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. பையில் சூப்பர் மார்க்கெட் டப்பாக்கள். முட்டைக்கோஸ் சாலட், உருளைக்கிழங்கு சாலட், இன்னொரு முட்டைக்கோஸ். மூடியைப் பிய்த்து வரிசையாக வைத்தார்.

"நீங்க ஒண்ணும் செய்யலியாண்ணே?"

"இது நாங்க பண்றதுதான். எங்க பேக்டரி" என்றார். இயந்திரம் முட்டைக்கோஸை நறுக்குமாம். இவர் தலைக்கு வலையும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டு மூடி சரியாக விழுகிறதா என்று பார்ப்பாராம். பதினாலு வருஷமாக அதே வரிசையில். "ஒரு நாளைக்கு எத்தன டப்பா போவுதுன்னு மாலூம் இல்ல. யாரு துன்றாங்கன்னு மாலூம் இல்ல."

ஒரு வாய் எடுத்தேன். ஜில்லென்று, இனிப்பாக, ஒன்றுமில்லாமல் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் இரும்புத் தட்டில் சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் மகள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். தமிழ் அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழிலேயே சொன்னேன்.

"அண்ணே, அந்த லெட்டர் முன்னாடியே வந்திருச்சு. நான்தான் கடையில வெச்சிருந்தேன்."

"ஒம்பது நாளா, பத்து நாளா?"

"ஒம்பது."

"சுவாவுலேர்ந்து வர ஒரு நாளு. அப்ப ஒம்பதுதான்" என்று ஒரு சாசேஜைத் திருப்பினார்.

"அண்ணிகிட்ட சொல்லலியா?"

"எதுக்கு?"

புகை எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. அவர் விலகவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவ்ளோ நாள் வெச்சிருந்தீங்க தம்பி. இன்னும் ரெண்டே நாள் வெச்சிருக்கக் கூடாதா?"

ரெண்டு நாள் போயிருந்தால் அந்த நேர்காணல் தேதி தாண்டியிருக்கும். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. ஓட்டல் இப்போது நிறைந்து வழிகிறதாம், பழைய ஆட்களைத் தேடித் தேடி எடுக்கிறார்களாம், யாரோ கடிதம் போட்டிருந்தார்களாம். மெதுவான குரலில் சொன்னார். இத்தனை வருஷம் நான் எதற்கு வயிறெரிந்தேனோ அது அவர் கையில் இருக்கவே இல்லை.

என் மனைவி தட்டோடு வந்தாள். "என்ன அத்தான், ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கறி வெந்திச்சான்னு கேட்டேன். அதெல்லாம் தம்பிக்குத்தான் தெரியும்" என்று இடுக்கியை என் கையில் கொடுத்தார்.

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், நவுசோரியில் சிரித்த அதே சிரிப்பு. நான் குனிந்து சாசேஜைத் திருப்பினேன்.